டிஸ்கஸ் தொட்டியில் யாரை சேர்க்கலாம்? பக்கத்தில் நீந்தும் மீனே எமனாகும் ஆபத்து

ராஜபாளையம்,

நாய்க்கு பேர் போன ஊர் ராஜபாளையம். பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு ஊரிலும் வீட்டு கூடத்தில் கண்ணாடி தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கப்பி, மோலி, கோல்டு பிஷ் என்று ஆரம்பிக்கும் ஆசை ஒருநாள் டிஸ்கஸ் மீனில் வந்து நிற்கும்.

அப்பளம் போல தட்டையான உடம்பு. நீலம், சிவப்பு, ஆரஞ்சு என்று கண்ணை பறிக்கும் நிறம். மீன் வளர்ப்பவர்கள் இதை ‘தொட்டியின் ராஜா’ என்பார்கள். விலையும் ராஜா விலைதான். குட்டியே சில நூறு ரூபாய். உள்ளங்கை அகலம் வளர்ந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் போகும். மில்லில் ஷிப்டு பார்க்கிறவருக்கு அது பல நாள் சம்பளம்.

அப்படி ஆசை ஆசையாக வாங்கி வந்த மீனை, ஏற்கனவே கோல்டு பிஷ்சும் சக்கரும் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் விடுகிறார்கள். நாலே நாளில் மீன் கறுத்துப்போய் மூலையில் ஒதுங்குகிறது. தீனி எடுப்பதில்லை. பத்தாவது நாள் மிதக்கிறது. ‘கடைக்காரர் சீக்கு மீனை தள்ளிவிட்டார்’ என்று கோபம் வருகிறது. கடைக்காரர் மேல் தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, கூட இருந்தது யார் என்பதைத்தான்.

பால் கொடுக்கும் மீன்

டிஸ்கசின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்று பகுதி. 1840-ம் ஆண்டு ஆஸ்திரியாவை சேர்ந்த ஹெக்கல் என்ற விஞ்ஞானி இதை முதலில் பதிவு செய்தார். ஓட்டம் குறைந்த, வெதுவெதுப்பான, உப்பே இல்லாத தண்ணீரில் மரவேர்களுக்கு நடுவே கூட்டமாக வாழும் மீன் இது.

முட்டையில் இருந்து வந்து நீந்த தொடங்கிய குஞ்சுகள் தாய், தகப்பன் இரண்டின் உடம்பிலும் ஒட்டிக்கொள்ளும். பெற்றோர் தோலில் ஊறும் வழுவழுப்பான திரவம்தான் குஞ்சுகளுக்கு ஆகாரம். ‘டிஸ்கஸ் பால்’ என்றே இதற்கு பெயர். பால்கோவா ஊர்க்காரர்களுக்கு பிடித்துப்போக இது ஒன்றே போதும்!

இந்த தோல் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கசுக்கு வரும் பெரிய ஆபத்து ஒன்று அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சூடு ஒத்துப்போகணும்

டிஸ்கசுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். நம்ம பக்கம் சித்திரை வெயிலில் தொட்டி தண்ணீர் தானாகவே அந்த அளவுக்கு வந்துவிடும். மார்கழி ராத்திரியில்தான் இறங்கும். அப்போது ஹீட்டர் இல்லாமல் முடியாது.

கோல்டு பிஷ் நேர் எதிர். அது குளிர்ந்த தண்ணீர் மீன். 24 டிகிரிக்கு கீழே இருந்தால்தான் அதற்கு சுகம். கழிவும் அதிகம் போடும். டிஸ்கசோ அழுக்கு தண்ணீரை தாங்காது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஏதாவது ஒன்று தினமும் கஷ்டப்படும். கொய் கார்ப் மீனுக்கும் இதே கதைதான்.

நியான் டெட்ராவில் பலர் ஏமாறுகிறார்கள். சின்ன மீன், சாதுவான மீன், அமேசான் மீன். எல்லாம் சரி. ஆனால் அதற்கு 20 முதல் 26 டிகிரி வரைதான் பிடிக்கும். 30 டிகிரியில் வைத்தால் கொஞ்ச நாளிலேயே ஒவ்வொன்றாக குறையும். அதற்கு பதிலாக கார்டினல் டெட்ரா வாங்கலாம். பார்க்க நியான் மாதிரியே இருக்கும். வயிற்றுப்பக்கத்து சிவப்பு கோடு தலையில் இருந்து வால் வரை முழுசாக ஓடினால் கார்டினல். பாதி உடம்பில் இருந்து பின்பக்கம் மட்டும் சிவப்பு என்றால் நியான். கடையில் பெயர் மாற்றி சொன்னாலும் இந்த கோடு பொய் சொல்லாது.

உப்பு தண்ணீரா, நல்ல தண்ணீரா?

ராஜபாளையத்தில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்து தண்ணீர் மலையில் இருந்து வருவது. மலை தண்ணீரில் பொதுவாக உப்பு குறைவு. டிஸ்கசுக்கு அது தோது. ஆனால் குழாய் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். டிரம்மில் பிடித்து ஒருநாள் காற்று குமிழி ஓடவிட்ட பிறகோ, குளோரின் முறிக்கும் மருந்து விட்ட பிறகோதான் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

போர் தண்ணீர் அப்படி இல்லை. வாளியில் வெள்ளையாக படிகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்றால் உப்பு தண்ணீர் என்று வீட்டு பெண்களே சொல்லிவிடுவார்கள். ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் பார்க்க வருகிறவர் கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். வீட்டு போர் தண்ணீர் என்ன அளவு காட்டுகிறது என்று அவரிடமே பார்த்துக்கொள்ளலாம். அளவு அதிகம் என்றால் ஆர்.ஓ. தண்ணீரை பாதிக்கு பாதி கலந்து ஊற்றுகிறவர்களும் உண்டு.

இப்போது கடைகளுக்கு வரும் டிஸ்கஸ் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. ஓரளவு உப்பை பழகிக்கொள்ளும். ஆனால் மோலி, கப்பி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு உப்பு தண்ணீர்தான் இஷ்டம். டிஸ்கசுக்கு ஏற்ற மெல்லிய தண்ணீரில் மோலி உடம்பை குறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடும். தவிர, குட்டி போடும் மீன்கள் மூலம் குடல் புழு வந்து சேரும் வாய்ப்பும் உண்டு.

‘குப்பையை தின்னும்’ சக்கர்

‘இதையும் ஒண்ணு போட்டுக்கோங்கண்ணே, அழுக்கை எல்லாம் தின்னுடும்’ என்று கடையில் சொல்லி கொடுப்பது சக்கர் மீன். டேங்க் கிளீனர் என்றும் சொல்வார்கள். கண்ணாடியில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டு கிடக்கும் கறுப்பு மீன்.

வாங்கும்போது இரண்டு விரல் நீளம். வளர்ந்தால் ஒரு அடியை தாண்டும். கண்ணாடியில் பாசி இருக்கும் வரை பிரச்சினை இல்லை. பசி எடுத்தால் ராத்திரி விளக்கு அணைந்ததும் டிஸ்கசின் பக்கவாட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். தட்டையான உடம்பு, ஆடாமல் தூங்கும் மீன், தோல் முழுக்க சத்தான திரவம். சக்கருக்கு இதைவிட விருந்து கிடையாது.

காலையில் பார்த்தால் டிஸ்கசின் விலாவில் வட்டமாக நிறம் வெளுத்திருக்கும். அந்த புண்ணில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்காரர் நோய் என்று மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார். குற்றவாளி கண்ணாடியில் சாதுவாக ஒட்டிக்கொண்டிருக்கும்!

சைனீஸ் ஆல்கி ஈட்டர் என்று விற்கும் ஒல்லி மீனும் வளர்ந்த பிறகு இதே வேலையை செய்யும். பாசி தின்ன ஆள் கட்டாயம் வேண்டும் என்றால் பிரிஸ்டில் நோஸ் என்ற சின்ன ரகம் இருக்கிறது. ஆணுக்கு மூக்கின் மேல் மீசை போல கொம்புகள் நீட்டியிருக்கும். கை நீளம் கூட வளராது. கடிக்க ஒரு மரக்கட்டையும், ராத்திரி ஒரு துண்டு வெள்ளரிக்காயும் போட்டால் டிஸ்கஸ் பக்கம் அவ்வளவாக போகாது. 28 டிகிரியில் சமாளிக்கும். 30-ஐ தாண்டினால் அதற்கு கஷ்டம். ஒன்று போதும். அதையும் முதல் சில ராத்திரி டார்ச் அடித்து பார்த்துக்கொள்வது நல்லது.

ஏஞ்சல் சேருமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. ஏஞ்சல் மீன் டிஸ்கசுக்கு தூரத்து சொந்தம். அதே அமேசான், அதே தட்டை உடம்பு. சூடும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பல வருடம் சேர்த்து வளர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆனாலும் வேண்டாம் என்பதே சரி. டிஸ்கஸ் நிதானமாக சாப்பிடும் மீன். தீனியை பார்த்து, யோசித்து, ஊதி ஊதி தின்னும். அதற்குள் ஏஞ்சல் மொத்தத்தையும் காலி செய்துவிடும். ஜோடி சேர்ந்துவிட்டால் தொட்டியில் பாதியை எழுதி வாங்கியது போல மற்றவற்றை விரட்டும். தான் ஆரோக்கியமாக தெரிந்தாலும் குடல் கிருமியை சுமந்துகொண்டிருக்கும். அது டிஸ்கசுக்கு தொற்றினால் வெள்ளை நூல் போல கழிவு போகும், வயிறு ஒட்டும், நிறம் கறுக்கும்.

டைகர் பார்ப், விடோ டெட்ரா இரண்டும் துடுப்பை கடிக்கும். ஆஸ்கார், பிளவர்ஹார்ன் பற்றி சொல்லவே வேண்டாம். பேரட் மீன் முரட்டு தீனிக்காரன். ‘ஷார்க்’ என்று விற்கும் வெள்ளி நிற மீன் ஆற்றில் 3, 4 அடி வளரும் ரகம். எதற்காக வீட்டு தொட்டிக்கு விற்கிறார்கள் என்பதே புரியவில்லை. பைட்டர் மெதுவாக நீந்தும் மீன். அதை தனியாக வளர்ப்பதே அதற்கு மரியாதை.

முதல் துணை டிஸ்கஸ்தான்

வேறு எந்த மீனையும் தேடும் முன் டிஸ்கசையே போதிய எண்ணிக்கையில் வைக்க வேண்டும். இரண்டு, மூன்று என்று வாங்கினால் பெரியது சின்னதை அடித்தே ஒடுக்கிவிடும். ஐந்தாறு இருந்தால் அடி பங்கு பிரிந்துவிடும், எதுவும் சாகாது.

வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் தண்ணீர் என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். ஆறு டிஸ்கசுக்கு அதுதான் குறைந்தபட்சம். தண்ணீர் எடையே 250 கிலோ என்பதால் பழைய மேஜை தாங்காது. சாதாரணமாக வீடுகளில் இருக்கும் 2 அடி தொட்டியில் (2-க்கு 1-க்கு 1 அடி) 56 லிட்டர்தான் வரும். அதில் டிஸ்கஸ் ஆசையே வேண்டாம்.

குட்டி டிஸ்கஸ் வாங்குபவர்கள் அவை 4 அங்குலம் வளரும் வரை வேறு மீன் எதையும் சேர்க்காமல் இருப்பது நல்லது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக சாப்பிட்டு வளரும் வயது அது. தீனிக்கு போட்டி வந்தால் வளர்ச்சி நின்று, கண் மட்டும் பெரிசாகிவிடும். பிறகு என்ன போட்டாலும் தேறாது.

சேர்க்கத் தக்கவை

வளர்ந்த பிறகு கார்டினல் டெட்ரா 12 முதல் 15 வரை விடலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளதாக பார்த்து வாங்க வேண்டும். ரொம்ப பொடிசு என்றால் டிஸ்கசே விழுங்கிவிடும். சின்ன மீன் கூட்டம் பயமில்லாமல் முன்னால் ஓடுவதை பார்த்தால் கூச்ச சுபாவமுள்ள டிஸ்கசும் வெளியே வரும்.

ரம்மி நோஸ் டெட்ராவும் ஏற்றது. மூக்கு குங்குமம் வைத்தது போல சிவந்திருக்கும். தண்ணீர் கெட்டால் அந்த சிவப்பு வெளிறும். கிட் வாங்கி சோதிக்க முடியாதவர்களுக்கு இது இலவச மீட்டர்.

தரையில் விழும் மிச்ச தீனியை பொறுக்க கோரி எனப்படும் கெளுத்தி வகை மீன் உண்டு. அதில் ஸ்டெர்பாய் என்ற ரகம்தான் சூடு தாங்கும். கறுத்த தலையில் வெள்ளை புள்ளியும், பக்க துடுப்பின் முன் விளிம்பில் ஆரஞ்சு நிறமும் அடையாளம். கடைகளில் சகஜமாக கிடைக்கும் புள்ளி கோரிக்கு குளிர்ச்சி வேண்டும். ஆறு கோரி விடுவதானால் அடியில் கூர்மையான கல்லுக்கு பதில் மணல் போட வேண்டும், இல்லையென்றால் மீசை தேய்ந்துவிடும். ராம் என்ற சின்ன மீனும் இந்த சூட்டை விரும்பும். ஒரு ஜோடி போதும்.

இவ்வளவையும் ஒரே தொட்டியில் திணிக்க கூடாது. கோடையில் கரண்ட் போனால் சூடான தண்ணீரில் காற்று சீக்கிரம் தீரும். மீன் குறைவாக இருக்கும் தொட்டிதான் கரண்ட் வரும் வரை தாக்குப்பிடிக்கும். பேட்டரி பம்பு ஒன்று கைவசம் இருப்பது அவசியம்.

ஒரு மாசம் தனி அறை

எந்த மீன் வாங்கினாலும் நேராக டிஸ்கஸ் தொட்டியில் விடக்கூடாது. சென்னை கொளத்தூரில் இருந்து வந்தாலும், மதுரையில் வாங்கினாலும், பக்கத்து தெரு கடையில் வாங்கினாலும் இதே விதிதான். 4 வாரம் தனி தொட்டியில், தனி வலை, தனி டியூப் வைத்து பார்க்க வேண்டும். மேற்படி 2 அடி தொட்டி இதற்குத்தான் லாயக்கு. டிஸ்கஸ் கூட வேறு பண்ணை டிஸ்கசை சேர்ப்பதானாலும் இதை விட முடியாது. ஒரு பண்ணை மீனுக்கு பழகிப்போன கிருமி இன்னொரு பண்ணை மீனை கவிழ்த்துவிடும்.

செண்பகத்தோப்பு பக்கம் ஓடையில் பிடித்த பொடி மீனை கொண்டு வந்து விட நினைப்பவர்களும் உண்டு. அந்த மலைக்காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி. உள்ளே போய் மீன் பிடித்தால் வழக்கு பாயும். குளிர்ந்த ஓடை தண்ணீரில் ஓடி பழகிய மீன் டிஸ்கஸ் தொட்டி சூட்டில் நிற்கவும் செய்யாது.

ஏற்கனவே சக்கர் வளர்ப்பவர்கள் அதை தொட்டியில் இருந்து எடுத்துவிட்டு கண்மாயில் விட்டுவிட கூடாது. காற்று குறைந்த சேற்று தண்ணீரிலும் பிழைத்து, கரையில் வளை தோண்டி முட்டையிட்டு பெருகும் மீன் அது. தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் பல நீர்நிலைகளில் பரவி, மீனவர் வலையை கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கிய கடையிலேயே திருப்பி கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். காசு திரும்ப வராது, அவ்வளவுதான்.