மணங்களை வகை பிரித்த வரலாறு

ஐரோப்பாவில் மணங்களை வகைப்படுத்தும் வழக்கத்தை மருந்தியலும் ஊக்குவித்தது. தாவரங்களுக்கு இருசொற்பெயர் வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1752இல் மருந்துச் சரக்குகளின் வாசனைகளை ஏழாகப் பிரித்தார். பூமணம், கஸ்தூரி மணம், பூண்டு நெடி, ஆட்டுக்கிடாய் வீச்சம், குமட்டும் நாற்றம் ஆகியவை அவற்றில் சில. சரக்கின் மணத்தைக் கொண்டே அதன் மருத்துவக் குணத்தை ஊகிக்கலாம் என்று அவர் கருதினார்.

நெதர்லாந்தின் ஸ்வார்டெமேக்கர் 1888இல் முகரும் திறனை அளக்கும் கருவியை அமைத்தார். பின்னர் லின்னேயஸின் பட்டியலில் இரண்டைச் சேர்த்து ஒன்பதாக்கினார். ஜெர்மனியின் ஹென்னிங் 1916இல் ஆறு என்றார். அமெரிக்காவின் குரோக்கரும் ஹென்டர்சனும் 1927இல் நான்கே போதும் என்றனர். சில அடிப்படை நிறங்கள் கலந்து எல்லா நிறங்களும் தோன்றுவதுபோல, அடிப்படை மணங்களும் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையே இத்தேடலை நடத்தியது. மூலக்கூறின் வடிவமே மணத்தைத் தீர்மானிக்கிறது என்ற ஜான் அமூர், 1960களில் மீண்டும் ஏழு அடிப்படை மணங்களை முன்வைத்தார். குறிப்பிட்ட ஒரு மணத்தை மட்டும் உணராதவர்களை அவர் ஆராயத் தொடங்கியபோது, அந்த எண்ணிக்கை ஏழைத் தாண்டி வளர்ந்தது.

தேடலின் திசையை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் மாற்றினர். எலிகளின் மூக்கில் மணத்தை உணரும் புரதங்களான ஏற்பிகளுக்கு ஏறத்தாழ 1,000 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது. மனிதரிடம் செயல்படுபவை ஏறக்குறைய 400. மூக்கின் ஒவ்வொரு நரம்பணுவும் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத் தாங்குகிறது. ஒரே வகை ஏற்பியுள்ள நரம்பணுக்களின் இழைகள், மூளையின் முன்பகுதியிலுள்ள நுகர்ச்சிக் குமிழில் குறிப்பிட்ட சில முடிச்சுகளில் கூடுகின்றன. அங்கிருந்து செய்தி மூளைப் புறணிக்குச் செல்கிறது.

ஒரு மணத்துக்கு ஓர் ஏற்பி என்ற கணக்கு இங்கே இல்லை. ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்பட்டன என்பதைக் கொண்டே மூளை மணத்தை இனங்காண்கிறது என்பதை 1999இல் பக்கின் குழு காட்டியது. ஆரஞ்சு மணமுள்ள ஆக்டனாலும், வியர்வை வீச்சமுள்ள ஆக்டனாயிக் அமிலமும் அமைப்பில் நெருங்கியவை. அவை தூண்டும் ஏற்பிக் கூட்டங்களோ வேறு. செறிவு கூடும்போது மேலும் பல ஏற்பிகள் தூண்டப்படுவதால், சில பொருள்களின் மணமே மாறித் தோன்றுகிறது.

பக்குக்கும் ஆக்ஸலுக்கும் 2004இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பூமணம், பழமணம் போன்ற பிரிவுகளை வாசனைத் திரவியத் தொழில் இன்றும் பயன்படுத்துகிறது. அவை மணத்தை விவரிக்க உதவுகின்றனவே தவிர, மூக்கின் ஏற்பிகள் அந்தப் பிரிவுகளின்படி அமையவில்லை.