கரையோரமும் பல்கலைக்கழகமும்

சீன நாட்டிலே ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்காலமாக அரச பதவிக்கு வாயிலாய் நின்ற பரீட்சை முறை 1905ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதற்கு ஏழாண்டு முன்னரே, 1898இல், பீக்கிங் நகரில் புதுமுறைப் பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. அதே காலத்தில் இலங்கை அறிஞர் சிலரும் வேறொரு பரீட்சையின் பிடியிலிருந்து விடுபட வழி தேடினர். அஃது இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சை.

கொழும்பில் 1870 முதல் மருத்துவக் கல்லூரி இருந்தது. ஏனைய துறைகளிற் பட்டம் பெற விரும்பியவர் கடல் கடந்து செல்லவேண்டும். அன்றேல் இங்கிருந்தே இலண்டன் வினாத்தாளுக்கு விடையெழுதவேண்டும். ஆசிரியனைக் காணாமலே பட்டம் பெறும் விந்தை அது! பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவிப் போராடினர். சுதேச மொழிகள் புறக்கணிக்கப்படுவதையும் அருணாசலம் வன்மையாகக் கண்டித்தார். பதினைந்தாண்டுகள் கழித்து, 1921இல், கொழும்பிற் கிடைத்தது பல்கலைக்கழகமன்று; இலண்டன் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பல்கலைக்கழகக் கல்லூரியே.

அக்கல்லூரி புத்தளம் மாவட்டக் கரையோரத்துப் பள்ளிவாசல்துறைக்கு எவ்வளவு தொலைவு? மைல்களை எண்ணினால் மட்டும் விடை கிடைக்காது. புத்தளத்துக்குப் புகையிரதம் வந்ததே 1926இல். புகையிரதம் வந்தபின்னும் ஆங்கிலக் கல்லூரியிற் படிக்கப் பணமும், கொழும்பில் தங்க இடமும் வேண்டும். கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு இவை எளியன அல்ல.

பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலே அமைப்பதா, கண்டியை அடுத்து அமைப்பதா என்ற வழக்கு ஆண்டுக்கணக்காக நீண்டது. கரையோரத்து ஏழை மாணவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. 1942 யூலை முதலாந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. ஐவர் ஜெனிங்ஸ் முதல் உபவேந்தரானார். மறு ஆண்டில் சுவாமி விபுலாநந்தர் தமிழ்ப் பேராசிரியரானார். 1952இல் பேராதனைக்கு முறைப்படி இடம்பெயர்ந்தது.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் கட்டணத் தடையை நீக்கிற்று. அதே ஆண்டில் ஏ. எம். ஏ. அஸீஸ் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். கட்டணம் நீங்கினாலும் உணவும் உடையும் நூலும் இலவசமாகா என்பதை அவர் அறிந்திருந்தார். மொழித் தடையோ 1960இலேதான் தளர்ந்தது. அவ்வாண்டில் தமிழிலும் சிங்களத்திலும் கற்றோர் கலைத்துறைக்கு வந்தனர். இம்மாற்றத்தைத் தர வீழ்ச்சி என்று பழித்தவர் பலர். ஆனால், கிராமப் பாடசாலைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டது அதுவே.

அடுத்து வந்தது கடினமான வழக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் புள்ளிகள் தரப்படுத்தப்பட்டன. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. கூடிய புள்ளி பெற்ற யாழ்ப்பாண மாணவர் பலர் இடமிழந்தனர். அந்தப் புண் நாட்டின் அரசியலையே மாற்றிற்று. விஞ்ஞான கூடமும் ஆசிரியரும் இல்லாப் பாடசாலைகளிற் படித்த பின்தங்கிய மாவட்டத்தாருக்கோ பங்கீடு ஒரு வழியைத் தந்தது. ஒரு சாராரின் குறையை மட்டும் பேசுவது வரலாறாகாது.

புத்தளம் அடங்கிய வடமேல் மாகாணத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் 1999இல் அமைந்தது. வயம்ப எனப் பெயர் பெற்ற அதன் வளாகங்கள் குளியாப்பிட்டியிலும் மாகந்துரையிலும் உள்ளன; இரண்டும் குருநாகல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே போதனாமொழி ஆங்கிலம்.