சர்க்கரை இல்லாத டீயும் ஒரு பழைய சாலையும்



வேலை விஷயமாக ஜப்பான் போன என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "டீச்சர், புல்லட் ரயில் ஏறும்போது ஸ்டேஷனில் பாட்டில் டீ வாங்கினேன். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் வாய் கசந்தது. ஆனால் இறங்கியதும் இன்னொரு பாட்டில் வாங்கிவிட்டேன். நல்ல கிரீன் டீ அங்கே வழியெல்லாம் கிடைக்கிறதே, எப்படி?" என்று கேட்டார். வகுப்பில் கேட்டிருந்தால் ஒரு பீரியட் முழுக்கப் போயிருக்கும். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அங்கே நல்ல தேயிலை பயணம் செய்தது. ஆனால் பயணம் செய்த மக்களுக்கு அது கிடைக்கவில்லை. கியோட்டோவுக்குப் பக்கத்தில் ஊஜி என்ற ஊர். நாட்டின் சிறந்த தேயிலை அங்கேதான் விளைந்தது. ஆட்சியாளரான ஷோகன் இருந்ததோ எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில். 1633 முதல் ஆண்டுதோறும் ஊஜியின் புதுத் தேயிலையை ஜாடிகளில் அடைத்து, முத்திரை வைத்து, காவலர் சூழ ஊர்வலமாக எடோவுக்குக் கொண்டுபோனார்கள். எதிரே சிற்றரசர் வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும். விவசாயிகள் வயல் வேலையை விட்டுவிட்டுச் சாலையைச் செப்பனிட வேண்டும். ஜாடி போகும்போது மண்டியிட வேண்டும். மனிதருக்கு அல்ல, இலை அடைத்த ஜாடிக்கு! ஷோகன் ஆட்சி முடியும்வரை, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இது நடந்தது.

அந்த ஜாடி இலையை அரைத்தால்தான் மாட்சா என்னும் பச்சைப் பொடி. செடிக்குப் பந்தல் போட்டு நிழலில் வளர்க்கும் உரிமை ஊஜியில் அனுமதி பெற்ற சிலருக்கு மட்டுமே இருந்தது. சாதாரண ஜனங்கள் குடித்தது முற்றிய இலையைக் கொதிக்கவைத்த பழுப்பு நிறக் கஷாயம்.

இதை மாற்றியவர் நகதானி சோயென் என்ற விவசாயி. பந்தல் போட உரிமை இல்லாவிட்டால் என்ன? வெயிலில் வளர்ந்த செடியின் இளந்தளிரைப் பறித்து, ஆவியில் வேகவைத்து, சூடான மேடைமேல் கையால் உருட்டி உருட்டி உலர்த்தினார். ஆவி பட்டதும் இலை கறுப்பது நின்றுவிடும்; பச்சை நிறமும் மணமும் தங்கும். வெந்நீர் ஊற்றினாலே போதும், சாறு இறங்கும். இதுதான் செஞ்சா. 1738இல் அந்தத் தேயிலையை எடுத்துக்கொண்டு அவரும் எடோ போனார். ஊர்வலம் இல்லை, காவலர் இல்லை. அங்கே யமமோட்டோ கஹெய் என்ற வியாபாரி அதை வாங்கி விற்க, ஊரெங்கும் பரவியது.

அதே காலத்தில் கியோட்டோவில் பைசாஓ என்றொருவர். பெயருக்கே 'டீ விற்கும் கிழவர்' என்றுதான் பொருள். துறவியாக இருந்தவர், ஏறத்தாழ அறுபது வயதில் டீ விற்க ஆரம்பித்தார். அடுப்பையும் பாத்திரத்தையும் காவடியில் தூக்கிக்கொண்டு மரத்தடி, ஆற்றங்கரை என்று போவார். விலை இவ்வளவு என்று கிடையாது. இஷ்டப்பட்டதைப் போடலாம், காசில்லாதவரும் குடிக்கலாம். 1755இல் தள்ளாமை வந்தபோது தன் சாமான்கள் பலவற்றை நெருப்பிலிட்டார். தன் காலத்துக்குப் பிறகு அவை பணக்காரர் கையில் சிக்கக் கூடாதே என்ற கவலை. ரிட்டையர் ஆனவள் என்பதால் இவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்!

பிறகு ரயில் வந்தது. 1889இல் டோக்கியோவையும் கோபேயையும் இணைக்கும் பாதை முழுவதும் திறந்தது. அந்த ஆண்டே தேயிலை விளையும் ஷிசுவோகா ஸ்டேஷனில் சிறு மண் கெண்டியில் சூடான கிரீன் டீ விற்றார்கள். ஷிகராகி ஊர்க் குயவர்கள் செய்த கெண்டி, மூடியே குவளை. ஜன்னல் வழியாகக் காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். பின்னாளில் மண் போய் பிளாஸ்டிக் வந்தது.

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. போட்டு வைத்த கிரீன் டீ காற்றுப் பட்டால் பழுப்பாகி ருசி கெடும். இதோ என் என்ற கம்பெனி டப்பாவிலுள்ள காற்றை நைட்ரஜனால் வெளியேற்றி 1985இல் டப்பா டீயும், 1990இல் பாட்டில் டீயும் கொண்டுவந்தது. என் மாணவர் குடித்ததெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

நீங்கள் பயணம் போகும்போது ஒரு சின்ன டப்பாவில் நல்ல இலை எடுத்துப் போங்கள். நம் நீலகிரியிலும் கிரீன் டீ தயாராகிறது. கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றாதீர்கள், கசப்பு ஏறிவிடும். மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, ஒன்றரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள்.

அடுத்த முறை யாராவது டீயைச் சாதாரணம் என்றால், ஜாடிக்கு மண்டியிட்ட அந்த விவசாயிகளைச் சொல்லுங்கள். நல்ல பொருள் எல்லோருக்கும் சாதாரணமாகக் கிடைப்பதற்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது! நீங்கள் வழியில் குடித்த நல்ல டீயைப் பற்றிக் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.