ஊசியா, விரலா? ‘அக்கு’வின் கதை

திருப்பூர்ல பவர் டேபிள்ல உட்கார்ற டெய்லர்கிட்ட எங்க வலிக்குதுன்னு கேளுங்க. பெரும்பாலும் கை போறது கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவுல இருக்கிற மேட்டுக்குத்தான். “அக்கு பார்த்தா சரியாயிடும்”னு பக்கத்து டேபிள்ல இருந்து யோசனை வரும். அந்த ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு வைத்தியம் இருக்கு. இன்னைக்கு அதைப் பிரிச்சுப் பார்ப்போம்.

முதல்ல பேரு. லத்தீன்ல ‘ஏகஸ்’னா ஊசி. ஜப்பானில் டச்சுக் கம்பெனி மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரெய்னே, 1683-ல் வெளியிட்ட புத்தகத்தில் சீன ஊசி வைத்தியத்தை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். ‘அக்குபங்சர்’ங்கிற பேரு அதுலதான் வருது. அக்குபிரஷர்ல ஊசியே கிடையாது, விரல் அழுத்தம்தான். ஆனா ஊசி பேருல மட்டும் ஒட்டிக்கிச்சு.

ரெண்டுக்கும் மேப் ஒண்ணுதான். உடம்புல ஓடுற பாதைகள், அதுல ‘சி’ங்கிற உயிர்ச்சக்தி. அந்த மேப் ஊசியை விடப் பழசா இருக்கலாம். சீனாவின் மாவாங்துய்யில் கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறையை 1973-ல் தோண்டினப்போ மருத்துவச் சுவடிகள் கிடைச்சுது. அதுல 11 பாதைகள் இருக்கு, மூலிகையைக் கொளுத்திச் சூடு வைக்கிறது இருக்கு. ஊசி குத்துறது இல்ல.

இந்தியாவுக்கு ஊசி வந்த வழியில ஒரு ஜவுளி ஊரும் இருக்கு. ஜப்பான் படையெடுத்தப்போ, 1938-ல் சீனாவுக்கு அஞ்சு இந்திய டாக்டர்கள் போனாங்க. அதுல சோலாப்பூர்க்காரர் துவாரகாநாத் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே இறந்துட்டார். கூடப் போன பி.கே. பாசு ஊர் திரும்பினார். 1950-களின் கடைசியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கத்துக்கிட்டு வந்து, கல்கத்தாவுல ஆரம்பிச்சார். மேற்கு வங்கம் 1996-ல் இதுக்குத் தனிச்சட்டமே போட்டுச்சு. மத்திய அரசு 2003-ல் சிகிச்சை முறையாவும், 2019-ல் தனி மருத்துவ முறையாவும் ஏத்துக்கிச்சு.

சரி, வேலை செய்யுதா? அந்தப் பாதைகளை உடற்கூறு அறிவியல் கண்டதில்ல. நாள்பட்ட வலியில, நிஜமாக் குத்தினதுக்கும் போலியாக் குத்தினதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஆனா சின்னது. ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற குமட்டலுக்கு, மணிக்கட்டுக்கு மூணு விரல் மேல இருக்கிற புள்ளி உதவுது. அதுக்கு ஊசியும் சரி, அழுத்தமும் சரி.

பலன் இவ்வளவு பக்கத்துல இருக்குன்னா, தீர்மானிக்க வேண்டியது ஆபத்துதான். டெய்லர் கை வைக்கிற அந்தத் தோள் மேட்டுக்குச் சீனத்துல ‘ஜியான்ஜிங்’னு பேரு, அதாவது தோள் கிணறு. அதுக்குக் கீழேதான் நுரையீரலோட உச்சி. ஊசி ஆழமா இறங்கினா நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்துக் கசியும், அப்படி நடந்த கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. விரலால் அது நடக்காது. ஆனா கர்ப்பிணிகளுக்கு அந்த இடத்தை அழுத்தவே வேண்டாம்னு அந்த மரபே சொல்லுது.

அதனால ‘அக்கு’ன்னு யாராவது கூப்பிட்டா, “ஊசியா, விரலா?”ன்னு முதல்ல கேளுங்க. ஊசின்னா, குத்துறவங்க எங்க படிச்சாங்க, ஊசி புதுசான்னு கேளுங்க. குத்தினப்புறம் நெஞ்சு வலிச்சாலோ மூச்சு வாங்கினாலோ, ஷிப்ட் முடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.