ப்ளூகிராஸ் விழா என்றால் என்ன? மட்டாஞ்சேரி மெஹ்ஃபிலுக்கும் அதற்கும் என்ன சொந்தம்?

கொச்சி பேண்டான 'வென் சாய் மெட் டோஸ்ட்' உங்கள் ப்ளேலிஸ்ட்டில் இருந்தால், சில பாட்டுகளில் ஒரு கருவியின் சத்தம் தனியாகக் காதில் விழுந்திருக்கும். கிதார் மாதிரி இருக்கும், ஆனால் கிதார் இல்லை. தகரக் கூரையில் மழைத்துளி விழுவதுபோலத் துள்ளும். அதுதான் பாஞ்சோ.

அமெரிக்காவில் இந்தக் கருவியை முன்னிறுத்தி ஓர் இசை வகையே இருக்கிறது: ப்ளூகிராஸ். அதற்கென்றே வார இறுதிகளில், திறந்தவெளியில், கூடாரம் போட்டுத் தங்கிக் கேட்கும் விழாக்கள் நடக்கின்றன. போஸ்டரைப் பார்த்ததும் "யார் யார் வாசிக்கிறாங்க?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அங்கே வாசிப்பவர்களில் நிறைய பேருடைய பெயர் போஸ்டரிலேயே இருக்காது. ஏன் என்று பார்ப்போம். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இது ஏன் புதுசு இல்லை என்பதையும் பார்த்துவிடலாம்.

ப்ளூகிராஸ் எங்கிருந்து வந்தது?

கென்டக்கி மாநிலத்துக்கு 'ப்ளூகிராஸ் ஸ்டேட்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அங்கே ரோசின் என்ற சிற்றூரில் 1911-ல் பிறந்தவர் பில் மன்ரோ. மாண்டலின் வாசிப்பார், உச்சஸ்தாயியில் பாடுவார். தன் பேண்டுக்கு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று ஊர்ப்பெயரையே வைத்தார். 1939-ல் நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் இந்த பேண்ட் இடம்பிடித்தது. பேண்டின் பெயரே பிறகு இசை வகையின் பெயராகிவிட்டது.

1945 கடைசியில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் இந்த பேண்டில் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் வைத்து, ஸ்வரங்களை இடைவெளி இல்லாமல் உருட்டி வாசித்தார். இன்று நாம் கேட்கும் ப்ளூகிராஸ் பாஞ்சோவின் பாணி பெரும்பாலும் அவர் போட்ட பாதைதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. பாஞ்சோ வெள்ளை அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது அல்ல. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சுரைக்குடுக்கைக் கருவிகளிலிருந்து வந்தது. அந்த வரலாற்றை மீண்டும் பேசவைத்தவர்களில் ஒருவர் ரியானன் கிடன்ஸ். பியான்சேயின் 2024 ஹிட்டான 'டெக்ஸஸ் ஹோல்டு 'எம்' பாட்டில் கேட்கும் பாஞ்சோ அவருடையதுதான்.

ட்ரம்ஸ் எங்கே?

பாரம்பரிய ப்ளூகிராஸ் பேண்டில் ட்ரம்ஸ் கிடையாது, கீபோர்டு கிடையாது. பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிதார், ஆள் உயர பேஸ் ஆகிய ஐந்தும்தான். சில பேண்டுகளில் டோப்ரோ என்ற உலோகத் தகடு பொருத்திய கிதாரும் சேரும்.

இவற்றில் இரண்டு நமக்குப் பழகியவை. ஃபிடில் என்பது நம்ம வயலின்தான். பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து, ஏறத்தாழ 200 வருஷமாக, கர்னாடக மேடையில் இருக்கிறது. மாண்டலினைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த யு.ஸ்ரீநிவாஸை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பாஞ்சோவில்தான் ஒரு குழப்பம். மும்பை ஊர்வலங்களில் 'பாஞ்சோ' என்று சொல்வது புல்புல்தரங் வகைக் கருவியை. டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்களை அழுத்தி வாசிப்பார்கள். 2016-ல் ரித்தேஷ் தேஷ்முக் நடித்த 'பாஞ்சோ' படத்தில் வருவதும் அதுதான். அமெரிக்க பாஞ்சோவில் தோல் போர்த்திய வட்டமும், கிதார் போன்ற நீண்ட கழுத்தும், ஐந்து தந்திகளும் இருக்கும்.

ட்ரம்ஸ் இல்லாமல் தாளம் எப்படி நிற்கிறது? பேஸ் தட்டு விழும் இடத்தில் அடிக்கும். மாண்டலின் அதற்கு நடுவே, எதிர்த்தட்டில் 'சக்' என்று வெட்டும். பேஸும் மாண்டலினும் சேர்ந்தால் ஒரு ட்ரம் செட்டின் வேலை முடிந்துவிடும். மின்சாரம் போனாலும் பாட்டு நிற்காது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் இது முக்கியம்.

கூடாரம் எதற்கு?

பல நாள் நடந்த முதல் ப்ளூகிராஸ் விழா என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1965 செப்டம்பரில் நடந்தது. விர்ஜினியாவின் ஃபின்காஸ்டில் அருகே ஒரு குதிரைப் பண்ணையில், கார்ல்டன் ஹேனி என்பவர் ஏற்பாடு செய்தார். 1967-ல் பில் மன்ரோவே இண்டியானாவின் பீன் ப்ளாஸம் என்ற இடத்தில் தொடங்கினார். அது இன்றுவரை நடக்கிறது. கொலராடோ மலை ஊரான டெல்யூரைடில் 1974-ல் தொடங்கிய விழாவும் அப்படியே.

பண்ணையில் விழா வைத்தால் பக்கத்தில் ஹோட்டல் இருக்காது. ஜனங்கள் கூடாரம் அடித்தார்கள். வந்தவர்களில் பலர் சொந்தக் கருவியோடு வந்தார்கள். மேடை முடிந்த பிறகு கூடாரங்களுக்கு நடுவே, கார் நிறுத்தும் இடத்தில், வட்டமாக நின்று விடியவிடிய வாசித்தார்கள். இதுதான் 'ஜாம்'. டிக்கெட் மேடைக்குத்தான். ஆனால் பலர் வருஷா வருஷம் திரும்பி வருவது இந்த வட்டத்துக்காக.

போஸ்டரில் இருக்கும் பேண்டுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

ப்ளூகிராஸ் விழா ஒன்றில் பொதுவாக மூன்று வகை பேண்டுகள் இருக்கும்.

முதலாவது, பாரம்பரியம். கோட் சூட் போட்டு, ஒரே மைக்கைச் சுற்றி நிற்பார்கள். தனியாக வாசிக்கும் முறை வரும்போது மைக்கை நெருங்குவார்கள், முடிந்ததும் விலகுவார்கள். டெல் மக்கூரி பேண்ட் இதற்கு நல்ல உதாரணம். 1939-ல் பிறந்த டெல், 1963-ல் பில் மன்ரோவின் பேண்டில் இருந்தவர். இப்போது அவருடைய பேண்டில் மகன்கள் ரானி மாண்டலினும் ராப் பாஞ்சோவும் வாசிக்கிறார்கள்.

இரண்டாவது, புதுப்பாதை. அதே கருவிகளில் ஜாஸ், கிளாசிக்கல் என்று எல்லைகளைத் தாண்டுபவர்கள். பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக் இதில் பெரிய பெயர். அவரும் எட்கர் மேயரும் ஜாகிர் உசேனோடும் புல்லாங்குழல் கலைஞர் ராகேஷ் சௌராசியாவோடும் சேர்ந்து செய்த 'ஆஸ் வி ஸ்பீக்' ஆல்பம் 2024-ல் கிராமி வென்றது. தபலாவும் பாஞ்சோவும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கேட்க அதுவே நல்ல தொடக்கம்.

மூன்றாவது, ஜாம்கிராஸ். ஒரே பாட்டை 10, 15 நிமிஷம் நீட்டி, ராக் கச்சேரி மாதிரி கூட்டத்தை ஆடவைப்பவர்கள். பில்லி ஸ்ட்ரிங்ஸ் இன்று இதில் பெரிய நட்சத்திரம்.

'வென் சாய் மெட் டோஸ்ட்' எந்த வகை? கண்டிப்பாகச் சொன்னால் எதுவும் இல்லை. அஸ்வின் கோபகுமாரும் அச்யுத் ஜெய்கோபாலும் 2016-ல் கொச்சியில் தொடங்கிய இந்த பேண்டில் கீபோர்டும் ட்ரம்ஸும் உண்டு. அது இண்டி ஃபோக். அச்யுத் கையில் இருக்கும் பாஞ்சோதான் ப்ளூகிராஸோடு அவர்களுக்கு இருக்கும் தொடர்பு. முதலில் 2017-ல் வந்த 'ஜாய் ஆஃப் லிட்டில் திங்ஸ்' கேட்டுவிட்டு, அடுத்து ஒரு டெல் மக்கூரி பாட்டைப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் ரெண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

"இதுக்கெல்லாம் நம்ம பக்கம் எங்க போறது?"

கூடாரத்தோடு கூடிய இசை விழா இந்தியாவிலும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் ஜீரோ பள்ளத்தாக்கில் பாபி ஹானோவும் அனூப் குட்டியும் 2012-ல் தொடங்கிய ஜீரோ இசை விழா அதில் முதன்மையானது. செப்டம்பர் இறுதி வாக்கில், நான்கு நாள், நெல் வயல்களுக்கு நடுவே. மேடைகளை அபதானி மக்கள் மூங்கிலில் கட்டுகிறார்கள். போவதற்கு முன் இன்னர் லைன் பெர்மிட் வாங்க வேண்டும். ராஜஸ்தானின் அல்சிசரில் 2013-ல் தொடங்கிய மேக்னெடிக் ஃபீல்ட்ஸ், அங்கே அரண்மனை வளாகத்தில் கூடாரம் போட்டு நடந்த விழா. ஆனால் அது எலக்ட்ரானிக் இசை பக்கம் சாய்ந்தது.

இவை எதுவும் ப்ளூகிராஸ் விழா இல்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு, இங்கே டிக்கெட் வாங்கியவர் பெரும்பாலும் கேட்பவராகவே திரும்பி வருகிறார்.

மட்டாஞ்சேரியில் நடந்தது என்ன?

மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்னி, தமிழ் என்று பல மொழிகள் ஒரே சந்தில் கேட்கும் ஊர் மட்டாஞ்சேரி. அங்கே வட்டமாக உட்கார்ந்து பாடும் வழக்கம் பழையது. ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, ஒரு மாடி அறை போதும். அதுதான் மெஹ்ஃபில்.

அந்த வட்டத்தின் பெரிய பெயர் மெஹ்பூப். 1926-ல் பிறந்தவர். 1954-ல் வந்த 'நீலக்குயில்' உட்பட மலையாளப் படங்களில் பாடினார். ஆனாலும் அவரை ஊர் நினைவில் வைத்திருப்பது சினிமாவால் மட்டும் அல்ல. கல்யாண வீடுகளிலும் நண்பர்களின் கூட்டங்களிலும் அவர் உட்கார்ந்து பாடியதால்தான். 1981-ல் மறைந்த பிறகும் அவர் 'மெஹ்பூப் பாய்' ஆகவே இருக்கிறார்.

அதே ஊரிலிருந்து வந்தவர் உம்பாயி. தபலாவில் தொடங்கி, மும்பை போய்க் கற்று, கொச்சி திரும்பி, மலையாளத்தில் கஜல் என்பதற்கே ஒரு முகமானார். 2018 ஆகஸ்ட் 1 அன்று காலமானார்.

போஸ்டரில் பெயர் வராதவர்கள் வாசிக்கும் இடம், கற்றுக்கொள்பவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பழகும் இடம், பாட்டு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கை மாறும் இடம். பீன் ப்ளாஸம் கூடாரத்தின் வேலையை மட்டாஞ்சேரியில் மாடி அறை செய்தது. நம்ம ஊர் மார்கழி பஜனை கோஷ்டியும் இந்தக் குடும்பம்தான்.

அப்படியென்றால் கொச்சியில் ஏன் திறந்தவெளி இரவு ஜாம் இல்லை?

முதல் காரணம் வானிலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. கூடாரத்துக்கு ஏற்றது டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலேயும் டிசம்பரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது காரணம் சட்டம். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. இசைக்கருவியையும் அதே விதியில் சேர்த்திருக்கிறார்கள். கலாசார, மத விழாக்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு அதிகபட்சம் 15 நாட்கள்தான். ஆக, மின்சாரமே இல்லாத ப்ளூகிராஸ் வட்டத்துக்கும் நடுராத்திரி மைதானம் இங்கே எளிதல்ல. மூடிய இடத்துக்கு இந்தக் கெடுபிடி குறைவு. மெஹ்ஃபிலின் மாடி அறை அந்த வகையிலும் சரியான இடம்.

பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்துக்காக வந்த விதி அது, தப்பு சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. வாசிக்க இடம் இல்லாதபோது, இசை என்பது பணம் கொடுத்துப் போய்ப் பார்க்கும் ஒன்றாக மட்டும் சுருங்குகிறது. பேண்டுகளுக்குப் பஞ்சம் இல்லாத ஊரில்கூட, அடுத்த பேண்ட் எங்கிருந்து வரும் என்ற கேள்வி மிஞ்சுகிறது.

வட்டத்தில் சேர்வது எப்படி?

எங்கே ஜாம் நடந்தாலும் பொதுவான பழக்கவழக்கம் இதுதான்:

• முதலில் வெளி வட்டத்தில் நின்று இரண்டு பாட்டு கேளுங்கள். யாராவது கண்ணால் கூப்பிட்டால் உள்ளே போங்கள்.

• கருவியைச் சுருதி சேர்த்துக்கொண்டு வாருங்கள். கடற்கரை ஈரத்தில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், மாற்றுத் தந்தி கையில் இருக்கட்டும்.

• பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் பெயரையும் சுருதியையும் சொல்வார். 'ஜி' என்றால் எல்லோரும் ஜி.

• மூன்று கார்டு தெரிந்தால் போதும், நிறைய பாட்டுகளுக்கு அது தாங்கும்.

• தனி வாசிப்பு வட்டமாகச் சுற்றி வரும், கல்பனாஸ்வரம் கைமாறுவது மாதிரி. உங்கள் முறை வரும்போது தயாராக இல்லையென்றால் தலையசைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

• ஒருவர் பாடும்போது மற்றவர்கள் சத்தத்தைக் குறைக்க வேண்டும். பாடுபவரின் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம்.

• தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கினால் பாட்டு முடியப் போகிறது.

இதற்கு ஜீரோ வரை போக வேண்டியதில்லை, பாஞ்சோவும் கட்டாயம் இல்லை. நாலு பேர், மூடிய ஒரு அறை, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும். காலேஜில் வாங்கிய கிதார் அலமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தால், இந்த வாரம் தந்தி மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள்.