குறிக்களத்தில் நின்றவர்கள்: சிங்கப்பூரில் துப்பாக்கிப் பயிற்சியும் தமிழ்ப் பெண்களும்

பழைய இராணுவத் துப்பாக்கிகளைப் பேணிவைத்து, ஆண்டில் ஒரு நாள் நண்பர்கள் கூடிக் குறிசுட்டு மகிழும் வழக்கம் மேலைநாடுகள் சிலவற்றில் உண்டு. படைக்கலச் சட்டம் மிகக் கடுமையான சிங்கப்பூரில் அத்தகைய கூடலை எளிதில் காண இயலாது. எனினும் குறிசுடும் பயிற்சிக்கு இந்நகரில் நெடிய வரலாறு உண்டு. குறிக்களத்தில் நிற்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வி. அதனை இவ்வுரையில் ஆராய்வோம்.

1854ஆம் ஆண்டு மே மாதத்தில் சீனக் குழுக்களிடையே மூண்ட கலவரத்தைத் தொடர்ந்து, அவ்வாண்டே சிங்கப்பூர்த் தொண்டூழியத் துப்பாக்கிப் படை தோன்றியது. அதில் சேர்ந்தோர் ஐரோப்பியக் குடிமக்கள். பின்னாளில் தொண்டூழியர்கள் சிராங்கூன் சாலைக்கு அப்பால் பாலஸ்டியர் வட்டாரத்துக் களத்தில் குறிசுட்டுப் பழகினர். அவர்களுக்கு அது காவற்கடமை, விளையாட்டும் அதுவே. 1901இல் சீனர்களுக்கெனத் தனிப் பிரிவு அமைந்தது. மலாய்ப் பிரிவு அதன்பின் வந்தது. ஆயினும் இன்னார் இன்ன பிரிவில் நிற்கலாம் என வகுக்கும் அதிகாரம் குடியேற்ற ஆட்சியிடமே இருந்தது. பெண்கள் அக்கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்கள் ஒன்றுதிரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசினார். அவ்வுரை ஆங்கிலத்திலும் இந்துஸ்தானியிலும் பெயர்க்கப்பட்டது. தமிழுக்கு அங்கே இடமில்லை என்பதை மொழி பயில்வோர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அவ்வீரர்களின் கையிலிருந்தது லீ என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் குழல்வாயின் விட்டம் 0.303 அங்குலம், எடை ஏறக்குறைய நான்கு கிலோகிராம், ஒருமுறை நிரப்பினால் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்டபின்னும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளவேண்டும். பின்புறக் காட்டியின் பிளவும், முன்புறக் காட்டியின் முனையும், இலக்கும் ஒரே கோட்டில் அமையவேண்டும். மூச்சை அடக்கி, விசையை வெடுக்கென இழுக்காமல் மெல்ல அழுத்தவேண்டும். சுட்டதும் கருவி தோளைப் பின்னோக்கி உதைக்கும். உடல்வலிமையைவிட மன அடக்கத்தையே மிகுதியாகக் கேட்கும் கலை இது.

1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், பெண்களுக்கெனப் போர்ப்படை ஒன்று வேண்டுமென அறிவித்தார். சென்னையில் பிறந்து, 1940இல் இங்கு வந்து மருத்துவராகப் பணியாற்றிய இலட்சுமி சுவாமிநாதன் ஏறத்தாழ இருபது பெண்களைத் திரட்டினார். சில நாள்களே பழகிய அப்பெண்கள், ஜூலை 12ஆம் நாள் அக்கனத்த துப்பாக்கிகளை ஏந்திப் போசுக்கு அணிவகுப்பு மரியாதை செலுத்தினர். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் இணைந்தோர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றடையத்தக்க தொலைவில் உள்ளது அத்தெரு.

அங்கு வந்தோரில் மிகப் பலர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். இந்தியாவையே கண்டிராதவரும், எழுத்தறியாதவரும் அவர்களிடையே இருந்தனர். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்த ஜானகி தேவரும் அதே வரிசையில் நின்றார். அணிநடை, துப்பாக்கி, ஈட்டிமுனை, கையெறிகுண்டு எனப் பயிற்சி தொடர்ந்தது. பால்வெட்டும் கத்தியைப் பிடித்த கையும், பள்ளியில் எழுதுகோலைப் பிடித்த கையும் ஒரே கருவியை ஒரே முறையில் பிடிக்கப் பழகின. இலக்குப் பலகை, சுடுபவர் எக்குடியினர் என்று கேட்பதில்லை.

இந்திய தேசிய இராணுவத்தின் ஆணைமொழி இந்துஸ்தானி. ஆகவே இத்தமிழ்ப் பெண்கள் தமக்கு அயலான மொழியில் ஆணைகளைக் கேட்டுக் குறிசுட்டனர். தமிழும் இத்துறையில் கொண்டும் கொடுத்துமே வளர்ந்துள்ளது. துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலத்தினின்றும், சிப்பாய் என்பது பாரசீகத்தினின்றும் வந்தவை. குறி என்பதோ நம் பழஞ்சொல். இரவற்சொற்களுக்கு நடுவே நம் சொல்லும் நிலைத்து நிற்பதைப் போலவே, அயல்மொழி ஆணைக்கு நடுவிலும் அப்பெண்கள் தம் நோக்கத்தில் நிலைத்து நின்றனர்.

1944 மார்ச் 30ஆம் நாள் அவர்களின் பயிற்சி நிறைவு அணிவகுப்பு நடைபெற்றது. பின்னர் ஒரு பகுதியினர் பர்மாவுக்குச் சென்றனர். இம்பால் படையெடுப்பு தோல்வியுற்றதால் போர்முனையில் பெரிய பங்காற்றும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. 1945இல் பின்வாங்க நேர்ந்தது. இதனைக் கொண்டு, அப்படை வெறும் காட்சிக்காக அமைந்தது என்று கூறுவோர் உளர். ஜப்பானிய ஆதிக்கத்தின் நிழலில் அது இயங்கியது என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆயினும் பயிற்சியின் பயனைப் போர்க்களத்தில் மட்டுமே அளப்பது முறையாகாது என்பது நம் கருத்து.

அதற்குச் சான்று பின்வந்த வாழ்க்கைகளே. ஜானகி 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். பதினாறு வயதளவில் படையில் சேர்ந்த இராசம்மா பூபாலன் ஆசிரியராகி, 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் கண்டு, ஆண்களுக்கு நிகரான ஊதியம் கேட்டுப் போராடினார். ஆண்களுக்கு நிகராக ஒரே கருவியை ஏந்திப் பழகிய தலைமுறை, பிற்காலத்தில் ஒரே ஊதியத்தைக் கேட்டதில் வியப்பில்லை.

1967இல் சிங்கப்பூரில் தேசிய சேவை நடப்புக்கு வந்தது. பல இனத்து இளைஞர்கள் ஒரே குறிக்களத்தில் நிற்கலாயினர். அணிநடையில் அவர்கள் கேட்கும் ‘செடியா’, ‘செனாங் டிரி’ ஆகியவை மலாய் ஆணைகள். இன்றைய தமிழ் மாணவரும் தம் தாய்மொழியல்லாத மொழியில் ஆணை கேட்டே துப்பாக்கி ஏந்துகிறார். 1943இன் பெண்களுக்கும் அவருக்கும் இடையே இவ்வொற்றுமை உண்டு. வேறுபாடும் உண்டு: அவருக்கு அது சட்டம் விதித்த கடமை; அப்பெண்களுக்கோ தாமே தேர்ந்த பாதை.

ஆசிரியர்கள் தம் மாணவரை எஸ்பிளனேடில் உள்ள இந்திய தேசிய இராணுவ நினைவிடத்திற்கும், வாட்டர்லூ ஸ்திரீட்டிற்கும், ஃபேரர் பார்க்கிற்கும் ஒரே நாளில் அழைத்துச் செல்லலாம். மாணவர்கள் தத்தம் குடும்பங்களில் மூதாட்டிகள் சொல்லிச் சென்றவற்றைக் கேட்டு எழுதலாம். அன்று ஆணைகள் இந்துஸ்தானியில் ஒலித்தன. அவற்றைக் கேட்டு நின்றவர்களின் நினைவுகளைத் தமிழில் பதிந்து வைப்பது நம் கடமை.