வெள்ளியும் ரூபாயும்: பேராக் தோட்டத் தொழிலாளியின் கணக்கு

மலாயாத் தமிழர் இந்நாட்டு டாலரை 'வெள்ளி' என்றே வழங்கி வந்தனர். அவர்தம் தாயகத்து நாணயமாகிய 'ரூபாய்' என்னும் பெயரும் வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்ததே. ஆக, கடலின் இருகரையிலும் புழங்கிய நாணயங்கள் இரண்டும் பெயரளவில் ஒரே உலோகம். எனினும் அவற்றின் மாற்று வீதம் காலந்தோறும் வேறுபட்டது. ஈப்போவைச் சூழ்ந்த பால்மரத் தோட்டங்களின் முதியோர், "அந்தக் காலத்தில் ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்" என்று கூறுவதுண்டு. இக்கூற்று ஏறத்தாழ மெய். ஆயினும் எல்லாக் காலத்துக்கும் மெய்யன்று. அது எக்காலத்துக்குப் பொருந்தும், அதற்கு முன்னும் பின்னும் நிலை யாது என்று அறியாமல், தோட்டத் தொழிலாளரின் கூலி வரலாற்றை முழுமையாக அறிதல் இயலாது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவோடு சேர்த்தே ஆளப்பட்டன. ஆதலின் அரசாங்க நாணயம் ரூபாயாக இருந்தது. கடைத்தெருவிலோ ஸ்பானிய, மெக்சிகோ டாலர்களே செல்வாக்குப் பெற்றிருந்தன. 1867 ஏப்ரல் 1-ஆம் நாள் இக்குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறியபோது, ரூபாய் தன் சட்டத் தகுதியை இழந்தது. 1874-இல் பங்கோர் உடன்படிக்கையின் வழி பேராக் ஆங்கிலேயர் செல்வாக்கிற்கு உட்பட்டது. அந்நாளில் இரு நாணயங்களின் வீதமும் உலோகத்தின் எடையைப் பொறுத்தே அமைந்தது. ரூபாயில் 165 கிரெயின் தூய வெள்ளியும், மெக்சிகோ டாலரில் ஏறத்தாழ 377 கிரெயினும் இருந்தன. எடைக்கு எடை வைத்தால் 100 டாலருக்கு ஏறத்தாழ 228 ரூபாய் ஆகும்.

1893-இல் இந்நிலை முறிந்தது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்துகொண்டே வந்தமையால், அவ்வாண்டு ஜூன் 26-ஆம் நாள் இந்திய அரசு, பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தியது. பின்னர் ஒரு ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 16 பென்ஸ் என நிலைப்பட்டது. டாலரோ வெள்ளியோடு கட்டுண்டு, அதனோடு சேர்ந்து வீழ்ந்தது. 1902-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் மதிப்பு 20 பென்சுக்கும் கீழே இறங்கியது. அப்போது 100 வெள்ளிக்கு 125 ரூபாய்கூடக் கிடைத்திராது.

இக்கேட்டைத் தீர்க்க 1903-இல் புதிய நீரிணை டாலர் வெளியிடப்பட்டது. 1906 சனவரியில் அதன் மதிப்பு 28 பென்ஸ் என உறுதி செய்யப்பட்டது. 28-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா. பேராக்கில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம் அது. கங்காணிகள் ஆள் திரட்டிய அந்நாளில் 100 வெள்ளி ஊருக்குச் சென்றால் 175 ரூபாய் ஆயிற்று.

முதல் உலகப் போர் இக்கணக்கைக் குலைத்தது. வெள்ளியின் விலை ஏறவே ரூபாயும் படிப்படியாக ஏறி, 1919 டிசம்பரில் 28 பென்ஸ் ஆயிற்று. அதாவது அப்போது ஒரு வெள்ளிக்கு ஒரே ரூபாய்தான்! மலாயாவில் அரிசிப் பஞ்சம் வாட்டிய ஆண்டும் அதுவே. இவ்வேற்றம் நிலைக்கவில்லை. 1926-இல் ஹில்டன் யங் ஆணையம் ரூபாயை 18 பென்சாக நிறுத்தப் பரிந்துரைத்தது. 1927-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் அதனை நிறைவேற்றியது. புருஷோத்தமதாஸ் தாகுர்தாஸ் 16 பென்சே தக்கதென ஆணையத்தில் மாறுபட்ட கருத்தை எழுதினார். பம்பாய் ஆலைகளும் உழவரின் விளைபொருள் விலையும் அவ்விவாதத்தில் முன்னின்றன.

அதன் விளைவோ சுங்கை சிப்புட் வரை எட்டியது. 100 வெள்ளிக்கு 175 ரூபாய் என்றிருந்த வீதம், 155 ரூபாய் 9 அணா அளவுக்கு இறங்கியது. ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தது. 1920-களின் இறுதியில் போக்குவரத்து எளிதான பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இக்கூலியையே அளவாகக் கொண்டால், ஊருக்குப் 10 ரூபாய் அனுப்ப ஓர் ஆண் பழைய வீதப்படி பதினொன்றரை நாள் உழைத்தால் போதும். புதிய வீதப்படி ஏறத்தாழ 13 நாள் உழைக்க வேண்டும். பெண்ணுக்கு 14 நாள் 16 நாளாயிற்று. 1930-இல் கூலி 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டபின், அதே 10 ரூபாய்க்கு ஆணுக்கு 16 நாளும் பெண்ணுக்கு 20 நாளும் வேண்டியதாயின. தோட்டத்துச் செக்ரோலில் கூலிக் குறைப்பு மட்டுமே பதிவாகும். நாணய வீதத்தால் நேர்ந்த குறைவு எந்த ஏட்டிலும் ஏறாது.

மந்தக் காலத்தில் தமிழகத்திலும் விலைகள் வீழ்ந்தமையால், ஒரு ரூபாய்க்குக் கூடுதலான பொருள் கிடைத்தது உண்மையே. ஆனால் பத்திரத்தில் எழுதிய கடன் விலையோடு சேர்ந்து வீழ்வதில்லை. கடனடைக்கக் கப்பலேறியவனுக்கு ரூபாயின் எண்ணிக்கையே முதன்மையானது.

சப்பானியர் ஆட்சியில் இவ்வீதத்துக்கே பொருளில்லாது போயிற்று. அக்காலத்து வாழைமர நோட்டுகள் 1945-இல் வெறுங் காகிதமாயின. போருக்குப்பின் பழைய வீதமே மீண்டது. 1949-இல் பவுன் மதிப்பிறங்கியபோது இரு நாணயங்களும் அதனோடு சேர்ந்து இறங்கியமையால், அவற்றிடையே மாற்றம் நேரவில்லை. முதியோர் நினைவிலுள்ள 'ஒன்றரை ரூபாய்' இக்காலத்ததே. இரண்டும் பவுனில் கட்டப்பட்டிருந்தமையே அந்நிலைப்பாட்டுக்குக் காரணம். தம் சொந்த வலிமை அன்று.

1966 ஜூன் 6-ஆம் நாள் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. ஒரே நாளில் 100 வெள்ளிக்கு 245 ரூபாய் என்றாயிற்று. 1967 நவம்பரில் பவுன் மீண்டும் இறங்கியபோது, அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த புதிய மலேசிய வெள்ளி அதனைப் பின்பற்றவில்லை. பழைய நோட்டுகள் மட்டும் வெள்ளிக்கு 85 காசாக இறங்கின. பெட்டியில் பழைய நோட்டைச் சேமித்தவர் நூற்றுக்குப் பதினைந்து இழந்தனர். 1973-இல் மலேசிய வெள்ளி மிதக்க விடப்பட்டபின் நிலையான வீதம் என்பதே மறைந்தது.

ஆகவே ஒரு பழைய கடிதத்திலோ கணக்கேட்டிலோ, 'வெள்ளி நூறு அனுப்பினேன்' என்று காணின், முதலில் ஆண்டைப் பார்த்தல் வேண்டும். 1910-இல் அது 175 ரூபாய்; 1919-இன் இறுதியில் 100; 1930-இல் 155; 1967-இல் 245. வெட்டிய மரமும் சிந்திய வியர்வையும் ஒன்றே. அவ்வியர்வை ஊரில் எத்தனை ரூபாயாகும் என்பதை இலண்டனும் தில்லியும் வகுத்தன. கூலி வரலாற்றை எழுதுவோர் வெள்ளிக் கணக்கோடு நில்லாமல், ரூபாய்க் கணக்கையும் உடன்வைத்துப் பார்ப்பாராயின், தோட்டத் தமிழரின் உழைப்புக்குக் கிடைத்த உண்மையான விலை விளங்கும்.